சூரைக்கு ஏற்ற தூண்டில் எது?

அந்தமானில் உள்ள கிளையொன்றில் நாம் பணியாற்றிய காலத்தில் நமது மேசைக்கு வந்த ஒரு கடன் விண்ணப்பத்திலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். விண்ணப்பித்தவர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். அவருடைய தந்தையார், 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என வழங்கிய இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், நெடுங்காலமாகக் கைத்தூண்டிலால் மீன் பிடித்துக் குடும்பத்தைக் காத்தவர். மகனோ தூண்டில் விளையாட்டில் நாட்டமுடைய சுற்றுலாப் பயணிகளை ஆழ்கடலுக்கு அழைத்துச் செல்லும் படகுத் தொழிலைத் தொடங்க விரும்பினார். வாடிக்கையாளரின் இரகசியம் காப்பது நமது கடமையாதலால் பெயரைத் தவிர்க்கிறோம். செய்தியை அவரது இசைவுடனேயே எழுதுகிறோம்.

படகுக்கும் இயந்திரத்துக்கும் அவர் இணைத்திருந்த விலைப்புள்ளிகளில் நமக்கு ஐயம் எழவில்லை. தூண்டில் கருவிகளுக்கான விலைப்புள்ளியே நம்மைத் தயங்க வைத்தது. ‘ஃப்ளை’ எனப்படும் இறகுத் தூண்டில் ஆறு செட், ஒன்று 1,60,000 ரூபாய். வழக்கமான தூண்டில் இரண்டு செட், ஒன்று 1,10,000 ரூபாய். ஆகமொத்தம் 11,80,000 ரூபாய். அதில் ஐந்தில் நான்கு பங்கு இறகுத் தூண்டிலுக்கே சென்றது. நாமோ வணிகவியல் பட்டதாரி. தேய்மானமும் தவணையும் அறிவோமேயன்றித் தூண்டிலின் நுட்பம் அறியோம். முதல் நோக்கில் அவற்றை விளையாட்டுப் பொருள்கள் என்று எண்ணி, அந்த இனம் முழுவதையும் நீக்கிவிடலாம் என்றே கோப்பில் குறிப்பெழுதினோம்.

அக்குறிப்பு அவசரத்தில் எழுதப்பட்டது. விண்ணப்பதாரரின் கோரிக்கையிலும் வேறொரு பிழை இருந்தது. இவ்விரண்டையும் நாம் உணர்ந்த விதத்தையும், ஆழ்கடல் சூரைக்கு எந்தத் தூண்டில் ஏற்றது என்பதில் நாம் கொண்ட கருத்தையும் வாசகர்முன் வைக்க விழைகிறோம்.

இரு தூண்டில்களின் இயல்பு

வழக்கமான தூண்டிலில் எடை இருப்பது இரையில். உலோகத்தாலோ மரத்தாலோ ஆன போலி இரையை வீசும்போது, அது மெல்லிய நரம்பைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. ஆழத்தில் இறக்கி மேலும் கீழும் அசைக்கும் ‘ஜிக்’, நீர்மேல் ஓசையெழுப்பும் ‘பாப்பர்’, ஓடும் படகின் பின்னே இழுபடும் இரை ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இறகுத் தூண்டிலில் இரைக்கு எடையே இல்லை எனலாம். இறகும் மயிரும் இழையும் ஒரு கொக்கியில் கட்டப்பட்டுச் சிறு மீன்போலத் தோற்றம் தருகின்றன. எடை முழுவதும் தடித்த கயிற்றில்தான் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசிக் கயிற்றைக் காற்றில் வளையமாக விரித்தால், அக்கயிறு இறகைக் கொண்டுபோய் நீரில் இடும். பல ஆண்டுப் பயிற்சியில் கைவரும் கலை இது. கண்டவர் வியக்காமல் இருக்க முடியாது.

வியப்பு ஒருபுறம் இருக்க, கணக்கு ஒன்று உண்டு. பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் 1939-இல் தோன்றியது. மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்வது அதுவே. அதன் விதிப்படி இறகுத் தூண்டிலின் மெல்லிய முனை நரம்பு, மிக வலிய வகுப்பிலும், 10 கிலோ இழுவிசைக்கு மேற்படலாகாது. வழக்கமான தூண்டிலிலோ நரம்பின் வகுப்பு 60 கிலோ வரை செல்கிறது. நரம்பு தாங்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ரீலின் தடையாக வைக்கலாம் என்பது தூண்டிலாளரின் பொது வழக்கு. ஆகவே 10 கிலோ முனை நரம்பில் மீனுக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடிய விசை ஏறத்தாழ 3 கிலோ. பெருஞ்சூரைக்குப் பலரும் கொள்ளும் 37 கிலோ வகுப்பு நரம்பிலோ அது ஏறத்தாழ 12 கிலோ. நான்கு மடங்கு வேறுபாடு இது. சாதனைப் பதிவை நாடாதவர்கள் இதனினும் தடித்த முனை நரம்பைக் கட்டிக்கொள்வதுண்டு. அப்போதும் வேறுபாடு குறையுமேயன்றி மறையாது.

கோலின் நீளமும் கருதத்தக்கது. இறகுத் தூண்டிலின் கோல் ஒன்பதடி அளவில் இருக்கும். வீசுவதற்கு அந்நீளம் தேவை. ஆனால் சூரை, கொக்கி பட்டவுடன் செங்குத்தாக ஆழம் நோக்கிப் பாயும். பின்னர் படகின் அடியில் வட்டமிடும். அதனை நேராக மேலே தூக்க வேண்டியிருக்கையில் நீண்ட கோல் பிடித்தவனுக்கே பாரமாகிறது. ஐந்தரை, ஆறடிக் குட்டைக் கோல் அவ்வேலையை எளிதாக்குகிறது. நெம்புகோலின் விதியைப் பள்ளியில் படித்த எவருக்கும் இது விளங்கும்.

கடலில் ஒரு நாள்

கோப்பில் எழுதிய குறிப்பை மேலதிகாரிக்கு அனுப்புமுன் தொழிலை நேரில் கண்டுவருவோம் என்று முடிவு செய்தோம். கடன் ஆய்வுக்கு வயலையும் பட்டறையையும் பார்க்கச் செல்லும் நாம் கடலைப் பார்க்க ஏன் தயங்க வேண்டும்? பிப்ரவரி மாதத்து விடுமுறை நாளொன்றில், விண்ணப்பதாரர் அப்போது கூலிக்கு ஓட்டிவந்த வேறொருவரின் படகில் புறப்பட்டோம். அவருடைய தந்தையாரும் உடன் வந்தார். பயணிகள் இருவர். ஒருவர் இறகுத் தூண்டிலாளர். மற்றவர் வழக்கமான தூண்டிலாளர்.

அந்தமான் கடலில் கரையைவிட்டுச் சிறிது தொலைவு செல்வதற்குள் ஆழம் பன்மடங்காகிறது. ஸ்ரீ விஜயபுரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டரில், இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள எரிமலையான பாரன் தீவு ஆழ்கடலின் அடியிலிருந்து எழுந்து நிற்கிறது. இத்தகைய நிலவமைப்பு இருப்பதால்தான் ஆழ்கடல் மீனான சூரை தீவுகளுக்கு அருகிலேயே கிடைக்கிறது. நாம் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. காலை ஏழு மணியளவில் கடற்பறவைகள் ஓரிடத்தில் கூடி நீரில் பாய்வதைக் கண்டு படகு அங்கே நின்றது. கீழே மஞ்சள் துடுப்புச் சூரைக் கூட்டம் சிறு மீன்களை மேலே விரட்டிக்கொண்டிருந்தது.

வழக்கமான தூண்டிலாளரின் பாப்பரை ஒரு மீன் கவ்வியது. நமது கைக்கடிகாரப்படி பதினெட்டாம் நிமிடத்தில் அது படகருகே வந்தது. இருபது கிலோவுக்குக் குறையாது என்று முதியவர் மதிப்பிட்டார். அதனை உணவுக்கென வைத்துக்கொள்ள முடிவு செய்தனர். அவர் உடனே அதன் தலையில் ஓர் அடி கொடுத்து அடக்கி, செவுளருகே கீறிக் குருதியை வடித்து, ஐஸ் பெட்டியில் புதைத்தார்.

அதன்பின் இறகுத் தூண்டிலாளரின் முறை வந்தது. மூன்றாம் வீச்சில் மீன் பட்டது. கயிறு முழுவதும் ஓடி, அதன் பின்னுள்ள நூலும் நூற்றுக்கணக்கான அடி ஓடியது. கோல் வளைந்தது வளைந்தபடியே இருந்தது. ஒரு மணி நேரம் கழிந்தது. ஒன்றரை மணி நேரமும் ஆயிற்று. வீசியவரின் கைகள் நடுங்கின. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பின் மீன் தளர்ந்து மேலெழும் வேளையில் கோல் ஒருமுறை பலமாகக் குலுங்கிப் பின்னர் இலேசாயிற்று. படகருகே வந்தது தலைப்பகுதி மட்டுமே. களைத்த மீனைச் சுறா பாதியிலேயே வாங்கிக்கொண்டது.

பயணி அதனை ஊருக்குச் சென்று சொல்லத்தக்க கதையாகக் கருதி மகிழ்ந்தார். அவர்மீது குறை சொல்ல நாம் வரவில்லை. அவர் தம் கலையை நேர்மையாகவே நிகழ்த்தினார். ஆனால் முதியவர் நெடுநேரம் பேசவில்லை. திரும்பும் வழியில் நம்மிடம் மெல்லச் சொன்னார்: “அது விக்கவும் ஆகல, தின்னவும் ஆகல, திரும்பக் கடலுக்குப் போகவும் இல்லை சார். ரெண்டு மணி நேரம் பாடுபட்டதுதான் மிச்சம்.”

மீனின் உடலில் நிகழ்வது

முதியவரின் சொல்லுக்கு அறிவியலும் துணை நிற்கிறது. பெரும்பாலான மீன்கள் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையே கொண்டவை. சூரை அவ்வாறன்று. அதன் குருதிக் குழாய்கள் ஒன்றோடொன்று பின்னி, தசையில் பிறக்கும் வெப்பம் செவுள் வழியே வெளியேறாமல் காக்கின்றன. அதனால்தான் அது அத்துணை விரைவாக நீந்துகிறது. மேலும், சூரையினங்கள் வாயைத் திறந்தபடி நீந்தினால்தான் செவுள்களில் நீர் பாயும், நின்றால் மூச்சில்லை.

இத்தகைய உயிர் ஒன்றே முக்கால் மணி நேரம் கயிற்றோடு போராடினால் என்னாகும்? உடல் வெப்பம் ஏறுகிறது; தசையில் லாக்டிக் அமிலம் பெருகுகிறது. இறைச்சி வெளிறி, நீர்த்து, புளிப்பேறிவிடுகிறது. பச்சையாக உண்ணும் தரத்தில் மீனைக் கேட்கும் ஜப்பானியச் சந்தையில் இவ்வாறு ‘வெந்த’ இறைச்சிக்குத் தனிப்பெயரே உண்டு. விலை பெரிதும் இறங்கும். மூளையில் குத்தி உடனே அடக்கிக் குருதி வடிக்கும் முறையை அந்நாட்டினர் கைக்கொள்வதும் இதனாலேயே. நம் முதியவர் ஜப்பானைக் கண்டவரல்லர். ஆயினும் ஏறத்தாழ அதனையே செய்தார்.

ஐஸின் தேவையும் இங்கே சொல்லத்தக்கது. சூரை இறைச்சியில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. குளிரூட்டாமல் வைத்தால் நுண்ணுயிர்கள் அதனை ஹிஸ்டமின் என்னும் நஞ்சாக மாற்றுகின்றன. பின்னர் எவ்வளவு வேகவைத்தாலும் அந்நஞ்சு அகலாது. தூண்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஐஸ் பெட்டிக்கு ஒதுக்குவது ஆடம்பரமன்று என்பதை இதனால் அறியலாம்.

“நாங்கள் மீனைக் கொல்வதில்லை, பிடித்து விட்டுவிடுகிறோம்” என்பர் விளையாட்டுத் தூண்டிலாளர். நல்ல நோக்கம். ஆனால் இரண்டு மணி நேரம் இழுத்தபின் விடப்படும் மீன் பிழைக்கும் வாய்ப்பு, இருபது நிமிடத்தில் விடப்படும் மீனின் வாய்ப்பைவிடக் குறைவு. சுறா உலவும் கடலில் இது மேலும் உண்மை. விடுவதற்காகப் பிடிப்பவருக்கே விரைவில் முடியும் தூண்டில் இன்றியமையாதது என்று கருதுகிறோம்.

பழைய வழக்கு

இந்த வழக்கு இன்று தோன்றியதன்று. 1898-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவுக்கு அப்பாலுள்ள சாண்டா கேட்டலினா தீவில் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்பவர் 83 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டில் அங்கே சூரைத் தூண்டிலாளர் கழகமும் தோன்றியது. அக்காலத்தில் அங்கு வருவோர் தடித்த கைக்கயிறுகளை வீசி, உண்ணவும் விற்கவும் வழியின்றி மீன்களைக் குவித்து வீணாக்கினர். அதனைத் தடுக்கவே மெல்லிய தூண்டில் என்னும் நெறியை ஹோல்டர் வலியுறுத்தினார். மீன் வீணாகலாகாது என்பதே அந்நெறியின் உயிர். மெல்லிய தூண்டிலாலேயே மீன் வீணாகும் இடத்திலும் அந்நெறியின் எழுத்தை மட்டும் பற்றி நிற்பது பொருந்துமா என்பதே நமது வினா.

விடையை அறிய நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் நாட்டின் மற்றொரு தீவுக் கூட்டமான இலட்சத்தீவில், மினிக்காய் மீனவர்கள் உயிர் இரையைக் கடலில் தூவி வரிச்சூரையைப் படகருகே வரவழைக்கின்றனர். குறுகிய கயிறும் எதிர்முள் இல்லாத கொக்கியும் கட்டிய கோலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் போடுகின்றனர். கொக்கி பட்டதற்கும் மீன் படகில் விழுவதற்கும் இடையே சில நொடிகளே. நம் வீடுகளில் அறிந்த மாசிக் கருவாடு இவ்வாறு பிடித்த சூரையிலிருந்து உருவாவது. ஒரு கொக்கிக்கு ஒரு மீன், வேண்டாத உயிர்கள் சிக்குவதில்லை, போராட்டமும் நீள்வதில்லை. தூண்டிலின் அறம் இதனினும் சிறப்பாக வேறெங்கும் எழுதப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

இறகுத் தூண்டிலுக்கும் இடமுண்டு

இவ்வளவு சொன்னபின் இறகுத் தூண்டிலை விலக்கிவிடலாம் என்று வாசகர் எண்ணக்கூடும். நாமும் முதலில் அவ்வாறுதான் எழுதினோம் அல்லவா? அது பிழை என்று கடலில் கண்டோம். அன்று பிற்பகலில் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள வரிச்சூரைக் கூட்டம் நீர்மட்டத்தில் வந்தபோது அதே பயணி இலேசான இறகுத் தூண்டிலை எடுத்தார். விரல் நீளமுள்ள சிறு மீன்களையே அவை தின்றுகொண்டிருந்தமையால், பெரிய பாப்பரைப் பார்க்கவும் மறுத்தன. இறகை மட்டும் எடுத்தன. ஒவ்வொரு மீனும் ஐந்தாறு நிமிடத்தில் படகருகே வந்து, நீரிலேயே கொக்கி கழற்றப்பட்டு, விரைந்து நீந்திச் சென்றது.

இறகில் இருப்பது ஒற்றைக் கொக்கி. போலி இரைகள் பலவற்றில் தொங்கும் முக்கவர்க் கொக்கியோ மீனின் கண்ணையும் செவுளையும் கிழித்துவிடுகிறது. இவ்வகையில் இறகுத் தூண்டிலே மேல். அதனைப் பார்த்து மற்றவர் கற்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இந்த ஒற்றைக் கொக்கியே. வீசும்போதும் இழுக்கும்போதும் படகின் இயந்திரம் இழுவையில் இருக்கலாகாது என்பது அவர்களின் சாதனை விதி. எரிபொருள் கணக்குப் பார்க்கும் படகு உரிமையாளருக்கு அதுவும் நன்மையே.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றையும் மறைக்கலாகாது. இறகுத் தூண்டிலாளர் நெடுந்தொலைவிலிருந்து வருபவர்; கூடுதல் கட்டணம் தரத் தயங்காதவர்; பெருஞ்சூரையை இறகில் பிடிக்கும் கனவோடு வருபவர். அக்கனவை மறுத்தால் தொழில் வேறு படகுக்குப் போய்விடும் என்றார் நம் விண்ணப்பதாரர். உண்மைதான். நமது மறுமொழி இது: ஒரு வாடிக்கையாளர் கேட்பதை எல்லாம் கொடுப்பது வணிகத்தின் முழுமையாகாது. தாங்கமுடியாத கடனைக் கேட்பவருக்கு அதனைக் கொடுப்பது வங்கிக்கு எவ்வாறு அழகாகாதோ, அவ்வாறே இதுவும். இத்தொழிலின் முதல் என்பது படகும் கோலும் மட்டுமன்று. கடலில் உள்ள மீனும் முதலே. நமது இருப்புநிலைக் குறிப்பில் அதற்குப் பத்தி இல்லை என்பதால் அது முதலன்று என்று ஆகிவிடாது. ஆண்டுதோறும் முதலைத் தின்று ஈவு காட்டும் நிறுவனத்தை நாம் நல்ல நிறுவனம் என்பதில்லை.

முடிவில் செய்தது

பட்டியல் இவ்வாறு மாறியது. சிறு சூரைகளுக்கேற்ற இலேசான இறகுத் தூண்டில் இரண்டு செட், ஒன்று 1,20,000 ரூபாய். வழக்கமான தூண்டில் ஐந்து செட், ஒன்று 1,10,000 ரூபாய். ஆக 7,90,000 ரூபாய். மிஞ்சிய 3,90,000 ரூபாய் பெரிய ஐஸ் பெட்டிக்கும், உயிர்காப்பு அங்கிகளுக்கும், கம்பியில்லாத் தொடர்புக் கருவிக்கும், படகுக் காப்பீட்டுக்கும் சென்றது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் படகு கரையேறி நிற்குமாதலால், தவணைகளை நவம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களில் மிகுதியாகவும் ஏனைய மாதங்களில் குறைவாகவும் வகுத்தோம்.

படகில் மூன்று விதிகளை எழுதித் தொங்கவிட்டார் அவ்விளைஞர். பெருஞ்சூரைக்கு வலிய தூண்டில் மட்டும். எல்லா இரையிலும் எதிர்முள் நசுக்கிய ஒற்றைக் கொக்கி. எந்தத் தூண்டிலாயினும் அரை மணி நேரத்தில் மீன் வராவிடில் கயிற்றை அறுத்துவிடுதல். இவ்விதிகளை ஏற்காத சிலர் வேறு படகை நாடினர் என்பதை மறைக்கவில்லை. நாம் மாற்றலாகி வரும்வரை இரண்டு பருவங்கள் கழிந்தன. தவணை ஒன்றும் தவறவில்லை. வைத்துக்கொள்ளும் மீன்கள் நல்ல நிலையில் கரை சேர்வதால் விடுதிச் சமையலறைகள் அவற்றை விரும்பி வாங்கின. தூண்டில் மாற்றத்தால்தான் இத்தனையும் விளைந்தது என்று அறுதியிட்டுக் கூறமாட்டோம்; அதனால் தொழில் கெடவில்லை என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவோம்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைச் சூழ்ந்த நமது பொருளாதாரக் கடற்பகுதி ஏறத்தாழ 6 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன் சூரை வளத்தை முறையாகப் பயன்படுத்த வேண்டும் என்று அரசு முனைந்துள்ள காலம் இது. 2018-19 முதல் மீனவர்களுக்கும் கிசான் கடன் அட்டை வழங்கப்படுகிறது. 2020-இல் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் தொடங்கப்பட்டது. பயணிகளை ஏற்றும் படகுத் தொழில் சேவைத் தொழிலாதலால் அதற்கு வேறு கடன் வழிகள் உண்டு. எவ்வழியில் வருவோரும் மீன்வளத் துறையின் உரிய அனுமதிகளைப் பெற்றபின் வருவதே முறை. 1983-இல் வாண்டூரில் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவும், 1996-இல் அமைந்த இராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவும் எந்தத் தூண்டிலுக்கும் இடமில்லாத பகுதிகள் என்பதையும் நினைவில் கொள்க.

வங்கி அலுவலராகிய நாம் ஒன்று கற்றோம். விலைப்புள்ளியில் விலை சரியா என்று மட்டும் பார்ப்பது பாதி ஆய்வு. அக்கருவி எந்த மீனுக்கு, எவ்வளவு நேரத்துக்கு, அதன்பின் அம்மீன் என்னவாகும் என்று கேட்பதே முழு ஆய்வு. தூண்டில் வாங்கக் கடன் கேட்டு வரும் இளைஞர்களும் இக்கேள்விகளுக்கு விடையோடு வருவார்களாயின், மேசைக்கு இப்புறம் இருப்பவருக்குக் கையொப்பமிடுவதில் தயக்கம் இராது.

சென்ற பொங்கலன்று அம்முதியவர் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். மகனின் படகில் தாமும் செல்வதாகவும், ஐஸ் பெட்டி இன்னும் தம் பொறுப்பில்தான் இருப்பதாகவும் கூறினார். அது தக்க கையில் இருக்கிறது என்று மகிழ்ந்தோம்.